ஜுபைலில் குடும்ப வரிக்குப் பணம் ஒதுக்குதல்

சவூதியில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் ஜுபைலில் குடும்பத்தோடு இருப்பவருக்குக் குடும்ப வரி உண்டு. 2017 யூலையில் ஆளுக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கியது, வருடா வருடம் நூறு நூறாக ஏறி 2020 இல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200; வருடத்துக்கு 14,400. இக்காமா புதுப்பிக்கையில் முன்கூட்டியே கட்டவேண்டும்.

ஓட்டத்துக்குக் காசு வாங்கும் சாரதிகளுக்கு இங்கேதான் இடிக்கிறது. வருமானம் மாதாமாதம் மாறும், வரி மாறாது. ஆகவே வருமானத்தில் இத்தனை வீதம் என்று கணக்குப் போடாதீர்கள். மாதம் 26 வேலை நாள் என்றால் நாளுக்கு 46 ரியாலுக்குச் சற்று மேல் வரும். 50 ஆக எடுத்து வையுங்கள், ஓட்டம் இல்லாத ஓரிரு நாளையும் அது தாங்கும். ஊருக்குக் காசு அனுப்ப முதலே எடுத்துவிட வேண்டும். மொத்தமாக முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு 3,600 கட்டியும் புதுப்பிக்கலாம்.

இக்காமா காலாவதியானால் முதல்முறை 500 ரியால் தண்டம், இரண்டாம்முறை 1,000, மூன்றாம்முறை நாடுகடத்தல்.