பாவுக் கஞ்சியும் கண்ணாடி இழையும்

சென்னையில் கூவம் நதி மூன்று புறமும் வளைத்துச் செல்லும் நிலத்தில், சுங்குராமன் என்னும் வணிகரின் தோட்டமாயிருந்த இடத்தை 1734ஆம் ஆண்டில் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் நெசவாளர் குடியிருப்பாக்க முனைந்தபோது, கும்பினியார் கருதியது லண்டனுக்கு ஏற்றும் துணி தட்டின்றிக் கிடைக்கவேண்டும் என்பதே; ஆயினும் அந்த ஏற்பாட்டின் பயனாக, நூற்போரும் நெய்வோரும் துணியில் சித்திரம் தீட்டுவோரும் வெளுப்போரும் சாயமிடுவோரும் சிந்தாதிரிப்பேட்டையில் அண்டை வீட்டாராயினர். ஆதியப்ப நாராயணச் செட்டியார் ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் அங்கே ஆலயம் எடுப்பித்தார்.

கவர்னர்களின் கீர்த்தியைக் காட்டிலும் அக்குடிகளின் தொழில்ஞானமே என் சிந்தையை ஈர்க்கிறது. தமிழ்நாட்டுப் பருத்தி நெசவில், தறியேறுமுன் பாவாகிய நெடுக்கு நூலைத் தெருநெடுக நீட்டிக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் அரிசிக் கஞ்சி தோய்த்து, இழையோடு இழை ஒட்டிவிடாதபடி தூரிகையால் நீவி உலர்த்துவார்கள்; இதுவே பாவாற்றுதல். தறியின் அச்சும் விழுதும் ஓயாது உராய்வதால் பிசிறி அறக்கூடிய நூலை, கஞ்சியின் அந்த மெல்லிய தோல் காக்கிறது. நெய்து முடிந்தபின்னரோ அதே கஞ்சி சாயத்தைச் சீராகப் பற்றவிடாது; வெளுப்போர் அதை அறவே களையவேண்டும். நெய்வோரும் வெளுப்போரும் ஒரே பேட்டையில் வாழ்ந்ததன் அனுகூலம் இதனால் விளங்கும்.

கஞ்சியின் கதை பருத்தியோடு முடியவில்லை. 1930களில் அமெரிக்காவில் கண்ணாடியை உருக்கி இழையாக இழுக்கும் வித்தை பெருந்தொழிலாகி, பின்னர் அவ்விழையை நெய்து பிசினில் தோய்த்துப் படகும் விமானப் பாகமும் வார்க்கத் தலைப்பட்ட காலத்தில், நொறுங்கும் இயல்புடைய கண்ணாடிப் பாவுக்கும் மாவுக்கஞ்சியே துணையாயிற்று. நெய்தபின் அதைத் துவைத்துக் களைவதற்குப் பதிலாகச் சூளையிலிட்டு எரித்துவிட்டு, சிலேன் என்னும் ரசாயனத்தைப் பூசினர். ஒரு முனையால் கண்ணாடியையும் மறுமுனையால் பிசினையும் பற்றும் அப்பூச்சு நானோமீட்டர்களில் அளக்கத்தக்கது. அது இல்லாவிடில் ஈரம் புகுந்து இழையும் பிசினும் பிரிந்துபோகும். இழையும் பிசினும் சேர்ந்த இத்தகைய கூட்டுப்பொருள் விஞ்ஞானத்தின் சரித்திரத்தை எழுதுவோர் பாவாற்றிய தெருக்களையும் அதில் சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

சிந்தாதிரிப்பேட்டைக்குச் சில மைல் தெற்கே, கிண்டியில், 1944இல் தோன்றிய அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியும் 1959இல் தோன்றிய ஐ.ஐ.டி.யும் இருக்கின்றன. இங்கே கூட்டுப்பொருள் துறையில் பட்ட மேற்படிப்பு ஆராய்ச்சி செய்யும் மாணவர், நெய்த கார்பன் துணியை எபாக்சிப் பிசினில் அடுக்கி இறுக்கி, பாவின் திசையில் ஒரு கீற்றும் கோணலாக ஒரு கீற்றும் அறுத்து, இயந்திரத்தில் இழுத்துப் பார்க்கிறார். பாவும் குறுக்கிழையான ஊடையும் ஒன்றையொன்று தாண்டுமிடத்தில் இழை வளைவதால் பலம் எவ்வளவு குறைகிறதென்று கணக்கிடுகிறார். ஜப்பானிய விஞ்ஞானி சுமியோ இஜிமா 1991இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் உலகின் கவனத்திற்கு வந்த கார்பன் நானோகுழல்களைப் பிசினில் கலந்தால், அடுக்குகள் பிரியாதிருக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. ஆனால் அக்குழல்கள் ஒன்றையொன்று பற்றித் திரள்பவை. ஒலியலைகளால் கலைத்துவிட்டாலும் மீண்டும் கூடும். அளவு மிஞ்சினாலோ பிசின் தடித்து, துணியின் கண்களுக்குள் இறங்க மறுக்கிறது.