கைதியின் 10 திர்ஹம்

காவலர் தவறு செய்தால் அவரைக் கேட்பது யார்? இக்காலத்தில் நாம் அனைவரும் கேட்கும் இக்கேள்வியை, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு நீதிபதி ஆட்சியாளரின் முன் வைத்தார்.

அப்பாஸிய கலீஃபா ஹாரூன் ரஷீத் (ஆட்சிக் காலம் கி.பி. 786-809) அரசின் வருவாய் குறித்துக் கேட்ட கேள்விகளுக்கு விடையாக எழுதப்பட்டதே 'கிதாபுல் கராஜ்' என்னும் நூல். எழுதியவர் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரும் தலைமை நீதிபதியுமான இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்கள். வரிகளைப் பற்றிய அந்நூலில் சிறைக் கைதிகளைப் பற்றியும் ஒரு பகுதி உண்டு.

அக்காலத்தில் கைதிகள் சங்கிலியுடன் வெளியே சென்று யாசகம் பெற்று உண்ணும் நிலை இருந்தது. இதனை இமாம் வன்மையாகக் கண்டித்தார்கள். கைதிகளின் உணவுச் செலவை பைத்துல்மால் ஏற்க வேண்டும் என்றார்கள். ஆனால் ரொட்டியாகக் கொடுத்தால் சிறைக் காவலர்கள் அதனை எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் அறிந்திருந்தார்கள். ஆகவே, நேர்மையான ஒருவரை நியமித்து, கைதிகளின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி, மாதந்தோறும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து 10 திர்ஹம் கையில் கொடுக்க வேண்டும் என்று ஆலோசனை கூறினார்கள். கோடைக்கும் குளிருக்கும் தனித்தனி உடை வழங்கவும் சொன்னார்கள்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காவலர்களுக்கு இறையச்சத்தை உபதேசிப்பதோடு இமாம் நின்றுவிடவில்லை. திருடுவதற்கான வழியையே அடைத்தார்கள். வெறும் சந்தேகத்தின் பேரில் எவரையும் அடிக்கக் கூடாது என்றும், அடித்து வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்றும் அதே நூலில் எழுதினார்கள். கைதிகளின் வழக்குகளை அடிக்கடி ஆராய்ந்து, குற்றம் இல்லாதவரை விடுவிக்குமாறும் வலியுறுத்தினார்கள்.

இச்சிந்தனைக்கு முன்மாதிரி மதீனாவில் இருந்தது. ஸகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், ஒரு பகுதியை அரசுக்குரியது என்றும் மற்றதைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பு என்றும் கூறினார். பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி மக்கள் முன்னிலையில் கேட்டதை புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் காண்கிறோம். பதவியைப் பார்த்து வரும் பொருள் அன்பளிப்பாகாது என்பதை அன்றே சமுதாயம் கற்றுக்கொண்டது.

உமர் (ரலி) அவர்கள் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்களுடைய சொத்தைக் கணக்கெடுத்துக்கொள்வார்கள். கூஃபாவின் ஆளுநர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மீது அவ்வூர் மக்கள் சிலர் புகார் கூறினர். ஸஅத் (ரலி) அவர்களோ சுவர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்து நபித்தோழர்களுள் ஒருவர். ஆயினும் உமர் (ரலி) அவர்கள் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கியதோடு, விசாரிக்க ஆளனுப்பி, கூஃபாவின் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் மக்களைக் கேட்கச் செய்தார்கள். ஏறத்தாழ அனைவரும் ஸஅத் (ரலி) அவர்களை நல்லவர் என்றே கூறினர். பின்னர் தமது மரணத் தறுவாயில், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் அறுவருள் ஒருவராக அவரையே உமர் (ரலி) அவர்கள் நியமித்தார்கள். இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ தாம் அவரை விலக்கவில்லை என்பதையும் தெளிவுபடுத்தினார்கள். வெளிப்படையான விசாரணை குற்றமற்றவரின் கண்ணியத்தையும் காத்தது.

பிற்காலத்தில் இம்முறை 'மளாலிம்' என்னும் முறையீட்டு மன்றமாக நிலைபெற்றது. அதிகாரிகள் மக்களுக்கு இழைக்கும் கொடுமையை ஆராய, பாதிக்கப்பட்டவர் வந்து முறையிடும் வரை அம்மன்றம் காத்திருக்கத் தேவையில்லை என்று இமாம் மாவர்தி (ரஹ், மறைவு கி.பி. 1058) எழுதினார்கள். அஞ்சி நடுங்குபவர் எவ்வாறு புகார் கொடுக்க வருவார்?

இன்று நம் நாட்டுச் சட்டமும், காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்திற்குச் சான்றாக ஏற்பதில்லை. எனினும் ஏட்டில் உள்ள விதி, காவல் நிலையத்தின் படியேறும் ஏழைக்குத் துணையாக நிற்கும்போதுதான் காவலர் மீது நம்பிக்கை பிறக்கும்.

அதில் நமக்கும் பங்குண்டு. கடவுச்சீட்டு விசாரணைக்கு வருபவரின் கையில் எதையேனும் திணித்துவிட்டு, "எல்லாரும் கொடுப்பதுதானே" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். லஞ்சம் வாங்குபவரைச் சபித்த நபி (ஸல்) அவர்கள், கொடுப்பவரையும் சேர்த்தே சபித்தார்கள். கேட்டால் மறுப்பதும், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உரிய இடத்தில் முறையிடுவதும் நம்மிடம் உள்ள அமானிதம். அதனை நிறைவேற்றும் மன உறுதியை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.