உழவாரமும் பெருவழியும்

தருமபுரிக்குத் தெற்கே, சேலஞ் செல்லும் சாலையை அடுத்து அமைந்தது அதியமான்கோட்டை. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அதியமான் மரபினர் பெயரை இவ்வூர் இன்றுந் தாங்கி நிற்கின்றது. அவர் பெயரால் ஒரு பெருவழியும் வழங்கிற்று. இம்மாவட்டத்திற் கிடைத்த காதக்கல் ஒன்று, 'அதியமான் பெருவழி' என அதன் பெயரையும், நாவற்றாவளத்துக்கு 29 காதம் எனத் தொலைவையும் கூறுகின்றது. வழிக்கு அரசர் மரபின் பெயர் கிடைத்தது. அதனைத் தூய்மை செய்தார் பெயரைக் கல் கூறிற்றில்லை.

கூலி பெறாது செய்யும் பணி பண்டு இருதிறப்பட்டது. ஆணைக்கு அஞ்சிச் செய்தே தீரவேண்டிய வேலை 'வெட்டி' எனச் சோழர் கல்வெட்டுக்களிற் பலவிடத்தும் வருகின்றது. ஒருவரும் ஏவாது, அன்பே ஏவச் செய்வது தொண்டு. செயல் ஒன்றாயினும், முன்னது உயிரைத் தாழ்த்துவது, பின்னது உயர்த்துவது.

இவ்வேறுபாட்டை வாழ்ந்து காட்டியவர் 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசு சுவாமிகள். திருவதிகையில் திருவலகும் திருமெழுக்குமாகத் தொண்டு புரிந்த திலகவதியாரின் தம்பியார் அவர். பல்லவன் ஆணைக்குப் பணியாத அப்பெருந்தகை, ஏவுவார் ஒருவருமின்றியே உழவாரப்படையைக் கையிற் கொண்டனர். திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றவும், அவற்றைப் புல்லோடும் பருக்கையோடும் ஒப்ப வாரி வாவியில் எறிந்தனர் எனச் சேக்கிழார் பெருமான் அருளுவர். பயன் வேண்டாமையே தொண்டின் உயிர் என்பது இதனாற் போதரும்.

"கோயிற் றிருமுற்றம் வேறு, சாலை வேறு, சரியை சாலைக்கும் பொருந்துமோ?" எனின், பொருந்தும். சிவஞான சித்தியார் எட்டாஞ் சூத்திரம் தாதமார்க்கத்தை விரிக்குமிடத்து, திருக்கோயிலை அலகிடுதலோடு அடியார்க்குப் பணி செய்தலையும் கூறுகின்றது. அப்பூதியடிகள் தண்ணீர்ப்பந்தர் அமைத்ததும் வழிச்செல்வார் பொருட்டே. அடியார் நடக்கும் வழியும் திருமுற்றத்தின் நீட்சியேயன்றோ?

அதியமான்கோட்டைக் காலபைரவர் திருக்கோயிலில் தேய்பிறை அட்டமிதோறும் அன்பர் பெருந்திரளாகக் கூடுகின்றனர். கூட்டம் பெருகும் இடமெங்கும் குப்பையும் பெருகும். அப்பர் பெருமான் செதுக்கிய புல் மட்கி மண்ணாகும். இக்காலத்து நெகிழிப் பையோ நெடுங்காலம் மட்காது கிடந்து, மழைநீரை மறித்து, மேயும் ஆவின் வயிற்றிலும் புகும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் விலக்கியது. எனினும், எறியும் கையைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது.

கோயில்களிற் கூடி உழவாரப்பணி செய்யும் அடியார் குழுக்கள் இன்று தமிழகத்திற் பல உள. அவர்தம் பணி மதிற்புறத்தோடு நில்லாது, அன்பர் வந்த சாலைக்குஞ் செல்லுதல் வேண்டும். "இது துப்புரவுப் பணியாளர் வேலை" என்று ஒதுங்குதல், அவர் பணியைத் தொண்டெனக் கருதாது வெட்டியெனக் கருதுவதாகும். நாவரசர் கையேந்திய பணியை இழிவென்பார் சைவராதல் எங்ஙனம்? சாலையிற் குனிந்து ஒரு பையை எடுக்குங்கால், குப்பையோடு 'யான்' என்னுஞ் செருக்கும் சிறிது நீங்கும். அவ்வழியே போவார் நம் பெயரை அறியார், அறியவும் வேண்டா.