ஏழாம் நம்பர் ரோடு யார் பொறுப்பு?

தர்மபுரியில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது இன்றும் 'ஏழாம் நம்பர் ரோடு'தான். வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்த தேசிய நெடுஞ்சாலை 7. 2010-ல் எண்களை மாற்றியபோது, ஸ்ரீநகரிலிருந்து வரும் 44-ஆம் எண் சாலையோடு நம் பகுதியும் சேர்ந்துவிட்டது. எண் மாறியதைவிட, அந்தச் சாலையின் பொறுப்பு கைமாறிய கதைதான் பெரியது.

வெள்ளைக்காரன் காலத்தில் நாம் சேலம் ஜில்லா. 1884-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சாலைகள் ஜில்லா போர்டின் கையில் இருந்தன. நிலத்தீர்வையோடு சேர்த்து வாங்கிய செஸ்ஸும், டோல்கேட்டில் வண்டிக்காரர்களிடம் வாங்கிய சுங்கமும் சாலைச் செலவுக்கு உதவின. பஸ்ஸும் காரும் பெருகியதும், 1931-ல் சென்னை மாகாணத்தில் மோட்டார் வாகன வரிச் சட்டம் வந்தது. சாலைச் சுங்கம் எடுக்கப்பட்டது. போர்டுகளுக்கு அந்த வரியிலிருந்து ஈடு கொடுத்தார்கள்.

1943 டிசம்பரில் நாகபுரியில் கூடிய தலைமைப் பொறியாளர்கள், சாலைகளைத் தேசிய, மாகாண, மாவட்ட, கிராமச் சாலைகள் என்று வகை பிரித்தார்கள். 1946-ல் சென்னை மாகாணத்தில் நெடுஞ்சாலைத் துறை தனியாக வந்தது. பிறகு 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், ஏழாம் நம்பர் போன்ற சாலைகளை மத்திய அரசின் உடைமையாக்கியது.

சிக்கல் அங்கேதான். சாலை டில்லிக்குச் சொந்தம். வேலை பார்ப்பது மாநில நெடுஞ்சாலைத் துறை. மதிப்பீடு இங்கே தயாராகும், பணம் அங்கிருந்து வரவேண்டும். கட்டை வண்டிக்கும் ஒன்றிரண்டு பஸ்ஸுக்கும் போதுமாயிருந்த சாலையில் வடநாட்டு லாரிகள் இரவும் பகலும் ஓடின. ஊருக்குள் கடைவீதியும் அதுவே, தேசிய நெடுஞ்சாலையும் அதுவே. தார் பெயர்ந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாது.

இந்த நிலைக்கு மாற்றாக 1988-ல் நாடாளுமன்றம் இந்தியத் தேசிய நெடுஞ்சாலை ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் வந்தும் ஆணையம் முழுமையாக இயங்கத் தொடங்கியது 1995 பிப்ரவரியில்தான். அரசு இலாகாவாக இல்லாமல், தன் பெயரிலேயே கடன் வாங்கவும் ஒப்பந்தம் போடவும் கூடிய அமைப்பு அது. அதே 1995-ல் சட்டத்தைத் திருத்தி, தனியார் சாலை போட்டுக் கட்டணம் வசூலிக்க வழி செய்தார்கள். 1998-ல் பெட்ரோலிலும் அடுத்த ஆண்டு டீசலிலும் லிட்டருக்கு ஒரு ரூபாய் சாலைக்கென்று பிடிக்கப்பட்டது.

பிறகு வேலை வேகமெடுத்தது. வடக்கு–தெற்கு வழித்தடத்தின் பகுதியாக, கிருஷ்ணகிரியிலிருந்து தொப்பூர் கணவாய் வரை சுமார் 62 கிலோமீட்டர் நான்கு வழியானது. லாரிகள் ஊருக்குள் வராமல் புறவழியில் போயின. கூடவே பாளையத்தில் சுங்கச்சாவடியும் வந்தது. நம் தாத்தாக்கள் காலத்தில் எடுத்த டோல்கேட், பேரன்கள் காலத்தில் திரும்பிவந்தது!

பணம் வந்தது, அகலம் வந்தது. பொறுப்பு வந்ததா? அதற்குத் தொப்பூர்தான் பரீட்சை. தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம் நீண்ட இறக்கம். இரட்டைப் பாலம் அருகே வளைவு. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வரும் பாரலாரிக்கு பிரேக் பிடிக்காமல் போனால், முன்னால் போகிறவர்களின் கதி என்ன என்பதை நம் பகுதியில் பல குடும்பங்கள் அறியும். அகலமான சாலை வேகத்தைக் கூட்டியதே தவிர, மலையின் சாய்வை மாற்றவில்லை. விபத்து நடந்தால் காவல்துறை, மாவட்ட நிர்வாகம், ஆணையம், சுங்கம் வசூலிக்கும் நிறுவனம் என்று பல வாசல்கள்.

இறக்கத்தில் உயர்மட்டச் சாலை கட்டும் திட்டத்தை ஆணையம் இப்போது கையில் எடுத்திருக்கிறது. நல்லது. ஆனால் ஆணையம் என்று ஒன்றை உருவாக்கியதே, பல வாசல் ஏறி இறங்காமல் ஒரே வாசலில் கேட்கத்தானே? சாவடியில் காசு கட்டிய ரசீது மக்களிடம் இருக்கிறது. கேட்கும் உரிமைக்கு வேறு சாட்சி தேவையில்லை.