கல்கிசைக் குன்றும் அதன் இரு பெயர்களும்

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஏழு மைல் தொலைவில், கடலை நோக்கிச் சற்றே நீண்டு நிற்கும் பாறைக் குன்று ஒன்று உண்டு. சிங்கள மக்கள் அவ்வூரைக் கல்கிஸ்ஸ என்பர். நாம் கல்கிசை என்கிறோம். ஆங்கிலத்தில் மட்டும் அது மவுண்ட் லவினியா. அவ்வூர் மாநகர சபையின் பெயரிலேயே இவ்வேற்றுமையைக் காணலாம். நேயர்களே, இந்த இரு பெயர்களின் கதையை அறிய விரும்புவோர் ஒரு விடுமுறை நாளில், வண்டி வாகனங்களை விடுத்து, கால்நடையாகவே அங்குச் செல்வது நன்று.

தெகிவளையில் புகையிரதத்தை விட்டிறங்கி, மணல் வழியே தெற்கு நோக்கி நடத்தல் வேண்டும். வலப்புறம் கடல், இடப்புறம் இருப்புப்பாதை. கொழும்பிலிருந்து மொறட்டுவைவரை இப்பாதை 1877ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. அதன்பின் நகரவாசிகளுக்குக் கடற்காற்று ஒரு பயணச்சீட்டின் விலைக்குக் கிடைத்தது. குன்றின்மேல் இருந்த பழைய மாளிகை விருந்தினர் விடுதியானதும் அவ்வாண்டிலேயே.

அம்மாளிகையின் வரலாறு சுவையானது. 1805 முதல் 1811 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் தோமஸ் மெயிற்லண்ட் அங்கு முதலில் ஒரு வீடு கட்டினார். பின்வந்த சேர் எட்வேர்ட் பாண்ஸ், கண்டி வீதியை அமைத்துப் புகழ் பெற்றவர், அதனைப் பெரும் மாளிகையாக விரித்தார். இலண்டன் மேலிடத்துக்கு இச்செலவு பிடிக்கவில்லை. முடிவில் மாளிகை விற்கப்பட்டது. கடற்காற்று வாங்க ஒரு தேசாதிபதிக்கு அத்தனை பெரிய தூண்கள் எதற்கு என்று கேட்டவர்களை நாம் குறை கூற முடியாது.

லவினியா யார்? மெயிற்லண்டின் மனங்கவர்ந்த, போர்த்துக்கேய இரத்தக் கலப்புடைய லொவினா என்னும் ஆடல்மகள் என்பது பலரும் சொல்லும் கதை. அவள் சுரங்க வழியே இரவில் மாளிகைக்கு வந்து போனாளாம். கடற்பறவையைக் குறிக்கும் 'லிஹினியா' என்ற சிங்களச் சொல்லே இவ்வாறு திரிந்தது என்பாரும் உளர். சரித்திர ஆசிரியன் என்ற முறையில் சுரங்கத்தை நம்ப எனக்குத் தயக்கமே. ஆயினும் ஒன்று கவனிக்கத் தக்கது: மெயிற்லண்ட் பின்னர் மோல்ற்றாவை ஆளச் சென்று, 1824இல் அங்கேயே மாண்டார். அவருடைய கடிதங்கள் காப்பகங்களில் உள்ளன. அந்தப் பெண் எழுதியதாக ஒரு வரியும் நமக்குக் கிட்டவில்லை. ஆனால் குன்று அவர் பெயரைத் தாங்கவில்லை.

விடுதிக்கு அயலிலே புனித தோமையார் கல்லூரியையும் பார்க்கலாம். துறைமுகத்தின் நிலக்கரித் தூசியிலிருந்து தப்பவே, முகத்துவாரத்தில் இருந்த அக்கல்லூரி 1918இல் இங்குக் குடிபெயர்ந்தது. மாணவர் நுரையீரலைப் பற்றிக் கவலைப்பட்ட அந்நிருவாகிகளை, அதிபர் என்ற வகையில், நான் மனமாரப் பாராட்டுகிறேன். 1957இல் வெளியான 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தில் வரும் இராணுவ வைத்தியசாலை, அந்த விடுதியே.

குன்றின் அடிவாரத்தில், வள்ளங்களை மணலில் ஏற்றி வலையுலர்த்தும் மீனவரிடம் ஊர்ப்பெயரைக் கேட்டால் லவினியா என்று சொல்லமாட்டார்கள். தேசாதிபதிகள் வருமுன்னும் போனபின்னும் அவர்களுக்கு அது கல்கிஸ்ஸதான். வெயில் தாழ்ந்ததும் அங்கு நின்று வடக்கே நோக்குங்கள். வளைந்து செல்லும் கரையின் முடிவில் கொழும்பு நகரின் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கும்.