சோலைவரியும் கொழும்பு மாநகரும்: கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பகுதிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நகரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் துறைமுகத்தையும் கோட்டையையும் ஆட்சியாளரையும் பற்றியே எழுதிச் செல்வர். அந்நகரின் வரவுசெலவுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலரே. எனினும் குழாய்நீர் எந்தத் தெருவரை சென்றது, கழிவுநீர் எவ்வழியே ஓடியது, குப்பை எங்கே குவிந்தது என்பனவெல்லாம் பணம் எவரிடமிருந்து பெறப்பட்டது, எவருக்காகச் செலவிடப்பட்டது என்ற வினாவுடன் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்துள்ளன. கொழும்பு மாநகர சபையின் நிதி வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நகரின் வடபால் துறைமுகத்தை அடுத்துள்ள கொட்டாஞ்சேனையும், தென்னெல்லையிலுள்ள வெள்ளவத்தையும் இதற்கு எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

மாநகர சபை தோன்றுவதற்கு முன்னர், பொதுப்பணிகளுக்கான சுமை மக்களின் உடலுழைப்பின் மீதே சுமத்தப்பட்டிருந்தது. 1848ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், 18 முதல் 55 வயதுவரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாட்கள் வீதி வேலை செய்யவேண்டும், இன்றேல் அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. செல்வரும் வறியவரும் ஒரே அளவாகச் சுமக்கவேண்டியிருந்த இவ்வரி, அவ்வாண்டில் மூண்ட கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாக அமைந்தமை யாவரும் அறிந்ததே.

1865ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கொழும்புக்கு ஒரு மாநகர சபையை வழங்கியது. அச்சபை 1866 சனவரியில் முதன்முறையாகக் கூடியது. மேல்மாகாண அரசாங்க அதிபராகிய லேயார்ட் அதன் தலைவராக விளங்கினார். சொத்துத் தகைமை உடையோருக்கே வாக்குரிமை இருந்தது. சபையின் வருமானத்துக்கு மூலாதாரமாக அமைந்தது வீடுகளின் மீதும் கட்டடங்களின் மீதும் விதிக்கப்பட்ட மதிப்பீட்டு வரியாகும். இதனையே நம் மக்கள் வழக்கில் சோலைவரி என்பர். ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகையைக் கணித்து, திருத்தச் செலவுக்கென ஒரு பகுதியைக் கழித்து, எஞ்சிய ஆண்டுப் பெறுமதியில் நூற்றுக்கு இத்தனை வீதம் என அறவிடுவதே அதன் முறை.

உடலுழைப்பு வரியோடு ஒப்புநோக்குமிடத்து இது நீதியான வரி என்பதில் ஐயமில்லை. பெரிய வீட்டுக்காரர் கூடுதலாகவும் சிறிய வீட்டுக்காரர் குறைவாகவும் செலுத்தினர். ஆயினும் இதன் உள்ளே இரு குறைபாடுகள் பொதிந்திருந்தன. முதலாவது, நகரத்தின் செல்வம் வீடுகளில் பிறக்கவில்லை, துறைமுகத்தில் பிறந்தது. அத்துறைமுகத்தின் சுங்கத் தீர்வை முழுவதும் குடியேற்ற அரசாங்கத்தின் திறைசேரிக்கே சென்றது. துறைமுகத்தால் பெருகிய மக்களுக்கு நீரும் வழியும் வகுக்கவேண்டிய பொறுப்போ மாநகர சபையின் தலையில் விழுந்தது. இரண்டாவது, வரிப் புத்தகத்தில் பெயருடையவனே நகரத்தின் உறுப்பினனாகக் கருதப்பட்டான். வாடகையினூடாக மறைமுகமாக வரியைச் சுமந்தவன் கணக்கில் இடம்பெறவில்லை.

இக்குறைபாடுகள் கொட்டாஞ்சேனையில் தெளிவுறப் புலனாகின்றன. 1875ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்ட தென்மேல் அலைதாங்கி 1885ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியதும், காலித் துறைமுகத்தின் முதன்மை கொழும்பை வந்தடைந்தது. அதுவரை செல்வந்தரின் மாளிகைகளும் விரிந்த வளவுகளும் நிறைந்திருந்த கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் ஆகிய பகுதிகளைச் சரக்குக் கிட்டங்கிகளும் வேலைதேடி வந்தோரும் சூழ்ந்தனர். செல்வந்தர் கறுவாத்தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகளில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் எழுந்தன. தோட்டம் என்றும் முடுக்கு என்றும் இன்றளவும் வழங்கும் குடியிருப்புகள் இவ்வாறு தோன்றியவையே. 1901ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,55,000 ஆக இருந்த நகரின் மக்கள்தொகை 1911ஆம் ஆண்டில் 2,11,000 ஐத் தாண்டியது. வளவின் உரிமையாளருக்கு அது வருமானம் தரும் சொத்து. ஆனால் ஓரறையின் ஆண்டுப் பெறுமதி மிகச் சிறிதாதலின், அங்கு வாழ்ந்தோரின் தொகைக்கு ஏற்ற வரி சபைக்குக் கிடைக்கவில்லை.

பெரும் பணிகளை ஆண்டு வருமானத்தைக் கொண்டு நிறைவேற்றுதல் எந்நகருக்கும் இயலாது. எதிர்கால வரியைப் பிணையாக வைத்து இன்று கடன்பெறுவதே உலகெங்கணும் நகரங்கள் கையாண்ட வழி. கிணறுகளையே நம்பியிருந்த கொழும்புக்கு 1886ஆம் ஆண்டில் லபுகம நீர்த்தேக்கம் வாய்த்தது. ஏறத்தாழ 25 மைல் தொலைவிலிருந்து இரும்புக் குழாய்வழி வந்த நீர் மாளிகாகந்தைத் தேக்கத்தை அடைந்து நகரெங்கும் பகிரப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொறியியலாளர் ஜேம்ஸ் மான்சேக் வகுத்த திட்டத்தைத் தழுவி நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களும் இடப்பட்டன. இவை மகத்தான சாதனைகள் என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் பிரதான குழாய் தெருவில் ஓடுவது வேறு, அதிலிருந்து வீட்டுக்குள் இணைப்புப் பெறுவது வேறு. இணைப்புச் செலவை ஏற்க வல்லவன் வீட்டுரிமையாளனே. முடுக்கில் வாழ்ந்தோருக்குப் பொதுக்குழாயும் பொதுமலகூடமுமே வாய்த்தன.

1914ஆம் ஆண்டில் கொள்ளைநோய் கொழும்பைத் தாக்கியது. நெருக்கமான குடியிருப்புகளே நோயின் விளைநிலம் என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். அடுத்த ஆண்டிலேயே வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. சுகாதாரக் கேடான கட்டடங்களை மூடவும், தெருவெல்லைகளை வகுக்கவும், புதிய கட்டடங்களைக் கட்டுப்படுத்தவும் அச்சட்டம் சபைக்கு அதிகாரம் தந்தது. அதிகாரத்துக்கேற்ற நிதி கூடவே வரவில்லை. இடிப்பதற்குச் செலவு சிறிது. இடிக்கப்பட்டவற்றில் வாழ்ந்தோருக்கு வீடு கட்டுவதற்கோ செலவு பெரிது. 1921ஆம் ஆண்டில் கொழும்பு பற்றி அறிக்கை அளித்த பற்றிக் கெடிஸ் என்னும் நகரமைப்பறிஞர், பழைய குடியிருப்புகளை ஒட்டுமொத்தமாக இடிப்பதை இந்திய நகரங்களிலேயே எதிர்த்தவர். ஆயினும் அவரது பெயர் இன்று நம் நினைவில் நிற்பது கீழைத்தேயத்தின் பூங்கா நகரம் என்ற கனவோடு மட்டுமே.

இக்காலப்பகுதியிலேதான் வெள்ளவத்தையும் உருமாறியது. கடலோர இருப்புப்பாதையும் காலி வீதியும் அதனைக் கோட்டையோடு இணைத்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய நூற்பு நெசவு ஆலை ஒருபுறமிருக்க, யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்க உத்தியோகம் பார்க்க வந்த தமிழ் மத்தியதர வர்க்கத்தினர் காலிவீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வீடுகளை அமைத்துக்கொண்டனர். 1942ஆம் ஆண்டில் உருவாகிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் பின்னர் இங்கேயே நிலைகொண்டது. தனித்தனி வீடு, தனித்தனிச் சோலைவரி இலக்கம், தனித்தனி நீரிணைப்பு என்ற ஒழுங்கு வெள்ளவத்தையில் நிலவியது. ஒரே சபை, ஒரே வரிச்சட்டம், இரு வேறு நகரங்கள் எனின் அது மிகையாகாது.

1931ஆம் ஆண்டில் நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய வடகொழும்பின் ஏழை மக்கள் முதன்முறையாக அரசியலில் எண்ணத்தக்கவராயினர். வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து அத்தொகுதியில் வெற்றிபெற்று, பின்னர் அவ்வெற்றி நீதிமன்றத்தால் செல்லாததாக்கப்பட, அவரது மனைவியார் நேசம் சரவணமுத்து 1932ஆம் ஆண்டில் அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1937ஆம் ஆண்டில் சரவணமுத்து கொழும்பின் தெரிவுசெய்யப்பட்ட முதல் மாநகர முதல்வரானார். இவ்வாறு தலைமை மாறியதேயன்றி, வரியின் அடித்தளம் மாறவில்லை.

இவ்விடத்து வியன்னா நகரை ஒப்புநோக்குதல் பொருந்தும். 1923ஆம் ஆண்டில் அந்நகர சபை வீடமைப்பு வரி ஒன்றை விதித்தது. வீட்டின் பெறுமதி உயர உயர வரிவீதமும் உயர்ந்தது. ஆடம்பர மாளிகைகள் மிகப் பெருந்தொகை செலுத்தின. அப்பணத்தைக் கொண்டு 1934ஆம் ஆண்டுக்குள் 60,000க்கு மேற்பட்ட தொழிலாளர் வீடுகளை வியன்னா கட்டியது. அதனால் அது இயன்றமைக்குக் காரணம், 1922 முதல் வியன்னா தனி மாகாணமாகவும் விளங்கி, தன் வரிகளைத் தானே வகுக்கும் உரிமை பெற்றிருந்தமையே. கொழும்புக்கு அத்தகைய உரிமை இருந்ததில்லை. 1944ஆம் ஆண்டில் டிராம் வண்டிச் சேவையைக் கொள்வனவு செய்தும், 1953ஆம் ஆண்டில் துரொலி பஸ் சேவையைத் தொடங்கியும் வரிக்கப்பால் ஒரு தொழில்முயற்சியை நடத்த மாநகர சபை முனைந்தது. 1964ஆம் ஆண்டோடு துரொலி பஸ்ஸும் மறைந்தது.

பின்வந்த காலத்தில் வீடமைப்பு என்பது மத்திய அரசாங்கத்தின் கையிலேயே தங்கிற்று. 1942 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைக் கட்டுப்பாடு குடியிருப்போரைக் காத்தது. எனினும் வாடகை உறையுமிடத்து வீட்டைத் திருத்த உரிமையாளருக்கு ஊக்கமில்லை. வாடகையை அடியாகக் கொண்ட வரி மதிப்பீடும் தளர்வுறும். 1973ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம், அமைச்சர் பீற்றர் கெனமன் காலத்தில் நிறைவேறியது. அளவுக்கு மிஞ்சிய வீடுகள் அரசுடைமையாகி, வாடகைக்கிருந்தோர் உரிமையாளராகும் வழி திறந்தது. இது முற்போக்கான சட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோட்டத்தின் பொதுக்குழாயையும் பொதுமலகூடத்தையும் பேணவேண்டியவர் யார் என்ற வினா எழுந்தது. பழைய உரிமையாளர் நீங்கிவிட்டார். புதிய உரிமையாளருக்கு வசதியில்லை. அச்சுமையும் வருமானம் பெருகாத மாநகர சபையை நோக்கியே வந்தது.

1974ஆம் ஆண்டில் தேசிய நீர்வழங்கல், வடிகாலமைப்புச் சபைக்கான சட்டமும், 1978ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டமும் நிறைவேறின. மாநகர சபை உறுப்பினராகப் பொதுவாழ்வில் நுழைந்த பிரேமதாச, பிரதமரான பின்னர் ஓர் இலட்சம் வீடுகள், பத்து இலட்சம் வீடுகள் ஆகிய திட்டங்களை முன்னெடுத்தார். 1970களின் இறுதி முதல் யுனிசெப் நிறுவனத்தின் துணையோடு தோட்டங்களுக்கும் சேரிகளுக்கும் பொதுக்குழாய்களும் மலகூடங்களும் அமைக்கப்பட்டன. சோலைவரி சென்றடையாத இடத்துக்கு வெளிநாட்டு உதவியும் திறைசேரிப் பணமும் சென்றன. வறியவருக்கு அது நன்மையே. ஆயின் பணம் எவ்வழி வந்ததோ, தீர்மானிக்கும் உரிமையும் அவ்வழியே சென்றது என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின் பின்னர் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை வழியாகவே உள்ளூராட்சி மன்றங்களை அடைகின்றன.

நகரின் கழிவு எங்கே சென்றது என்பதும் இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயமே. நிலத்தடிக் கழிவுநீரைக் கடலுக்குள் செலுத்தும் இரு வாய்கள், 1980களில் வடக்கே முகத்துவாரத்திலும் தெற்கே வெள்ளவத்தையிலும் அமைக்கப்பட்டன. இவ்விடயத்தில் இரு முனைகளும் சமமாயின. குப்பையின் விடயத்தில் அவ்வாறில்லை. நகரெங்கும் சேர்ந்த குப்பை, கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமெண்டாலில் மலையாகக் குவிந்தது. 2009ஆம் ஆண்டில் அது மூடப்பட்டதும் சுமை நகரெல்லைக்கு வெளியே மீதொட்டமுல்லைக்குப் பெயர்ந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தில், அக்குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் கொழும்புச் சபைக்கு வாக்களிக்கும் உரிமையற்றவர்கள். கொழும்பின் குப்பையைச் சுமந்தவர்கள்.

1983 யூலையில் வெள்ளவத்தையில் தமிழர் வீடுகள் எரியூட்டப்பட்டன. எனினும் போரின் பிற்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோரும் வெளிநாட்டு உறவினரின் பணமும் அப்பகுதியை நாட, தனிவீடுகள் நின்ற நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. ஒரு குடும்பம் வாழ்ந்த காணியில் பல குடும்பங்கள் வாழ, சபைக்குச் சோலைவரி பெருகும் வாய்ப்புப் பிறந்தது. குழாய்களின் மீதும் ஒழுங்கைகளின் மீதும் பாரமும் பெருகிற்று. மறுபுறம், நகரில் 68,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் வசதி குன்றிய குடியிருப்புகளில் வாழ்வதாகக் கணித்த நகர அபிவிருத்தி அதிகார சபை, 2010க்குப் பின்னர் கடன்பத்திரங்கள் வாயிலாக நிதி திரட்டி, அம்மக்களை உயர்மாடிகளுக்கு மாற்றி, விடுபடும் நிலத்தை முதலீட்டுக்கு வழங்கும் வழியைக் கைக்கொண்டது. அக்கணக்கில் வறியவரின் வீட்டுக்கு விலை தருவது அவர்கள் நீங்கிச்சென்ற நிலமே. உயர்மாடியின் மின்தூக்கியையும் பொதுவிடங்களையும் பேணும் செலவு எவருடையது என்பது, 1973ஆம் ஆண்டில் எழுந்த பழைய வினாவின் புதிய வடிவமன்றி வேறில்லை.

2023 மார்ச்சு மாதத்தில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றது. திறைசேரியில் பணமில்லை என்பதைக் காட்டித் தேர்தல் தள்ளிப்போடப்பட்டது. 2025 மே மாதத்தில் தேர்தல் நடைபெறும்வரை, ஏறத்தாழ ஈராண்டுகள், கொழும்பு தெரிவுசெய்யப்பட்ட சபையின்றி உத்தியோகத்தரால் நிருவகிக்கப்பட்டது. அக்காலத்திலும் சோலைவரி அறவிடப்பட்டது. வரியுண்டு, பிரதிநிதித்துவமில்லை என்னும் நிலை 1865க்கு முந்தியது மட்டுமன்று என்பதை இது உணர்த்துகின்றது.

தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. சோலைவரி தன்னளவில் தீய வரியன்று. தன் நகரத்தாரிடம் பெற்றுத் தன் நகரத்தாருக்கே செலவிடும் சபைக்கு அதுவே சுதந்திரத்தின் ஆதாரம். நகரின் முழுச் செல்வத்தையும் தொடமுடியாத சபை அதனை மட்டுமே நம்ப நேர்ந்தபோது, வரிப்புத்தகத்தின் எல்லையே சேவைகளின் எல்லையாயிற்று. எல்லைக்கு வெளியே நின்றோருக்கு உதவி வந்தபோது, அது உரிமையாக வராமல் திட்டமாகவே வந்தது. மதிப்பீட்டைக் காலத்துக்கேற்பப் புதுக்குதல், பெறுமதி உயர உயர வீதத்தையும் உயர்த்துதல், துறைமுகமும் வர்த்தகமும் ஈட்டும் வருமானத்தில் நகருக்கு ஒரு பங்கை உறுதிசெய்தல் ஆகிய மூன்றும் நிறைவேறாதவரை வீடமைப்பு மாநகர சபையின் பணியாக ஆகப்போவதில்லை. சோலைவரி இலக்கமில்லாத குடிசையில் வாழ்பவனுக்கு முகவரியும் இல்லை. முகவரியின்றி நீரிணைப்போ மின்னிணைப்போ பிள்ளைக்குப் பாடசாலை அனுமதியோ பெறுதல் அரிது. கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் வாழ்பவன் சோலைவரிப் பற்றுச்சீட்டைக் கையிலேந்த விரும்புவது இதனாலேயே. அவனுக்கு அது சுமையன்று. இந்நகரம் தனக்கும் உரியது என்பதற்கான சான்று.