திடுக்கிடாத மாணவர்களும் தூங்கிப்போன காவல்காரரும்

1898-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு ஹோட்டல் தீப்பிடித்து எரிந்தது. உயிர்கள் போயின. ஆனால் தீயைவிட, அதற்குப் பிறகு நடந்ததுதான் பத்து வயதுச் சிறுவன் ஒருவனை உலுக்கியது. அவனுக்குத் தெரிந்த பெரியவர்களே பதற்றம் பிடித்தவர்களாக மாறிப்போனார்கள். நெருப்பு அணைந்துவிட்டது, பயம் மட்டும் ஏன் அணையவில்லை? எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அந்தச் சிறுவன் அந்தக் கேள்வியைச் சுமந்தபடியே வளர்ந்தான். பத்து ஆண்டுகள் கழித்து, பதிலுக்கான முதல் துப்பு ஒரு தொல்லையின் வடிவில் வந்தது.

தூக்கம் வராத தொல்லை. 1908-ல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவராக இருந்த ஜேக்கப்சனுக்கு, இரவு படுத்த பிறகும் பகலில் படித்ததெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. உற்றுக் கவனித்தபோது ஒன்று புலப்பட்டது. உடம்பு படுத்திருந்ததே தவிர, தசைகள் இன்னும் வேலையில்தான் இருந்தன. இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தப் பழகினார், தூக்கம் வந்தது. இது தனக்கு மட்டும்தானா, எல்லோருக்குமா? சோதித்துப் பார்க்க ஆய்வுக்கூடத்தில் இறங்கினார். தசைகளைத் தளரவிட்டு உட்கார்ந்திருந்தவர்களின் அருகே, முன்னறிவிப்பில்லாமல் பெரும் சத்தம் எழுப்பப்பட்டது. எவரும் துள்ளி எழவேண்டிய நேரம் அது.

நன்றாகத் தளர்ந்திருந்தவர்கள் துள்ளவில்லை. வெளியே தெரியும்படியான எந்தத் திடுக்கிடலும் அவர்களிடம் இல்லை. திடுக்கிட வேண்டுமென்றாலும் உடம்பு கொஞ்சம் இறுகியிருக்க வேண்டும் போலிருக்கிறதே! இந்தக் கண்டுபிடிப்போடு அந்த இளைஞரின் பாதை நேராகியிருக்க வேண்டும். ஆனால் ஆய்வுக்கூடத்தை நடத்திய புகழ்பெற்ற உளவியல் பேராசிரியர் ஹ்யூகோ மன்ஸ்டர்பெர்க்கின் கொள்கைக்கும், உதவியாளர் ஜேக்கப்சன் திரட்டிய முடிவுகளுக்கும் ஒத்துப்போகவில்லை. உதவியாளர் வேலை பறிபோனது.

ஜேக்கப்சன் சளைக்கவில்லை. 1910-ல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு மருத்துவமும் படித்துச் சிகாகோவில் ஆய்வைத் தொடர்ந்தார். இப்போது அவர் முன்னே ஒரு சுவர் நின்றது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய தசை இறுக்கத்தை எப்படி அளப்பது? அன்றைய கருவிகள் எதற்கும் அந்தக் கூர்மை இல்லை. உதவி, மருத்துவத்துக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. தொலைபேசிக் கம்பிகளில் ஓடும் மெல்லிய மின்சாரத்தோடு மல்லாடிக்கொண்டிருந்த பெல் டெலிபோன் ஆய்வகத்தார் கைகொடுத்தார்கள். ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கையும் கண்டுகொள்ளும் கருவி உருவானது. அது காட்டிய விஷயம் உளவியலுக்கே புதிது.

கையை மடக்குவதாகக் கற்பனை மட்டும் செய்யச் சொன்னார். கை அசையவில்லை. ஆனால் புஜத்துத் தசையில் மின்சாரம் துடித்தது. ஈஃபில் கோபுரத்தை நினைக்கச் சொன்னார். கண்ணை அசைக்கும் தசைகள் வேலை செய்தன. மனதுக்குள் எண்ணச் சொன்னபோது நாக்கும் உதடும் சத்தமின்றி உழைத்தன. விடிய விடியக் கவலைப்படுகிறவரின் நாக்கு, எவரிடமும் பேசாமலே பேசிக் களைத்துப்போகிறது! அப்படியானால் நாக்கையும் கண்ணையும் தளர்த்தினால்? ஓயாத நினைப்பைப் பிடித்து நிறுத்த உடம்பில் ஒரு பிடி கிடைத்துவிட்டது. 1929-ல் மருத்துவர்களுக்கும் 1934-ல் பொதுமக்களுக்கும் புத்தகம் எழுதினார். ஆனால் முறை பரவவில்லை.

காரணம், அவருடைய பொறுமை. ஒரு பாடத்துக்கு ஒரு தசை. கையை இறுக்கி, அந்த இறுக்கம் எப்படி இருக்கிறதென்று உணர்ந்து, பிறகு விடவேண்டும். அடுத்த தசைக்கு அடுத்த பாடம். முழு உடம்பையும் கற்று முடிக்க மாதங்கள் ஆயின. ‘நீ தளர்கிறாய், தளர்கிறாய்’ என்று குரலால் வசப்படுத்துவதை அவர் ஏற்கவே இல்லை. கற்பவர் தாமே உணர்ந்து கற்கவேண்டும் என்பது அவர் உறுதி. அவ்வளவு பொறுமை எத்தனை நோயாளிக்கு இருக்கும்? விடையின் பாதி அதற்குள் கங்கைக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது.

கோரைப்பாய்க்குப் பேர்போன திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில், ஜேக்கப்சன் பிறப்பதற்கு முந்தைய ஆண்டான 1887-ல் பிறந்தவர் குப்புசாமி. அவரும் மருத்துவர்தான். மலாயாவில் ஆண்டுக்கணக்கில் வைத்தியம் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் உதறி ரிஷிகேசம் போய்ச் சுவாமி சிவானந்தரானார். 1943-ல் அவரிடம் வந்து சேர்ந்த இளம் சீடர் சத்யானந்தருக்கு ஒருசமயம் காவல் வேலை தரப்பட்டது. சிறுவர்கள் வேதம் பயிலும் சமஸ்கிருதப் பள்ளியை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். விடியற்காலை மூன்று மணிவரை தாக்குப்பிடிப்பார், அதற்குமேல் அசந்து தூங்கிவிடுவார். நான்கு மணிக்குச் சிறுவர்கள் எழுந்து குளித்து மந்திரம் சொல்லுவார்கள். ஆறு மணிக்கு ஆசிரமம் திரும்பும் காவல்காரருக்கு அதில் ஒன்றும் தெரியாது. தெரியாது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

சில காலம் கழித்து ஆசிரமத்தில் ஒரு விழா. அதே சிறுவர்கள் வந்து மந்திரம் ஓதினார்கள். சத்யானந்தர் அவற்றைப் படித்ததில்லை, எழுதியதில்லை. ஆனாலும் எங்கோ கேட்ட நினைவு விடாமல் தொந்தரவு செய்தது. சிறுவர்களின் ஆசானிடமே போய்க் கேட்டார். அவர் வியப்படையவில்லை. நீங்கள் தூங்கினாலும் உங்களுக்குள் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது என்று விளக்கினார். கடமை தவறிய தூக்கம் ஒரு தேடலைத் தொடங்கிவைத்தது.

தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவிலுள்ள அந்த வரப்பில் மனத்தை நிறுத்தி வைக்க முடியுமா? சத்யானந்தர் பழைய தந்திர நூல்களைப் புரட்டினார். உடம்பின் ஒவ்வோர் இடத்தையும் மந்திரத்தோடு தொட்டு வரும் நியாசம் என்ற சடங்கு அவற்றில் இருந்தது. மந்திரத்தையும் சடங்கையும் கழற்றிவிட்டு, உறுப்புகளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். மல்லாந்து படுத்திருப்பவரின் கவனம், கேட்கும் குரலின் பின்னே உடம்பெல்லாம் சுற்றிவரவேண்டும். தொடக்கம், வலது கைக் கட்டைவிரல். கனடாவின் மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் வரைந்த வரைபடத்தில், முதுகு முழுவதையும்விட விரல்களுக்கும் உதட்டுக்கும் மூளை ஒதுக்கிய இடம் பெரிது. நியாசத்தின் வரிசைக்கு இந்த வரைபடத்திலேயே சத்யானந்தர் விளக்கம் கண்டார். படுப்பதற்கு முன் உடம்பின் முரண்டு அடங்கக் கால்விரல், கணுக்கால், முழங்கால், தோள் என்று மெல்ல அசைத்துச் சுழற்றும் எளிய பயிற்சிகளும் அவருடைய பீகார் யோகப் பள்ளியில் இடம்பெற்றன. ஆனால் ஆசிரமத்து வாசலைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குள் இது நுழையுமா?

அந்தக் கதவைப் பூனைகள் திறந்தன. தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப், இரண்டாம் உலகப்போரில் நிலைகுலைந்த சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்துத் தோற்றுப்போனவர். கூண்டைக் கண்டாலே நடுங்கும் பூனைகளுக்கு, கூண்டிலிருந்து தள்ளித் தள்ளித் தொடங்கிப் படிப்படியாக நெருங்கிவந்து தீனி போட்டார். உண்ணும் சுகமும் பயமும் ஒரே நேரத்தில் ஒரே உடம்பில் தங்கவில்லை. மனிதருக்குத் தீனியின் இடத்தில் எதை வைப்பது? தேடியவர் கையில் ஜேக்கப்சனின் பழைய புத்தகம் அகப்பட்டது. மாதக்கணக்கான பாடத்தைச் சில அமர்வுகளாகச் சுருக்கினார். 1958-ல் அவருடைய புத்தகம் வந்ததும் மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஒலிநாடாவும் வந்தது. ஜேக்கப்சன் விலக்கிவைத்த குரல், வீட்டுக்கு வீடு போகத் தொடங்கியது.

இரண்டு நீரோட்டங்களும் 1973-ல் இங்கிலாந்தில் சந்தித்தன. சந்திரா படேல் என்ற குடும்ப மருத்துவர், ரத்த அழுத்தம் கூடிய 20 பேரைச் சவாசனத்தில் படுக்க வைத்தார். தளரத் தளர ஓசை இறங்கும் ஒரு கருவியையும் சேர்த்துக்கொண்டார். ஐந்து பேருக்கு மருந்தே நின்றது. ஏழு பேருக்குக் குறைந்தது. நால்வருக்கு அழுத்தம் இன்னும் நன்றாகக் கட்டுப்பட்டது. மீதி நால்வருக்குப் பலன் இல்லை, அதையும் அவர் மறைக்காமல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். மூன்று ஆண்டுகளில், தம் முறையை விளக்கிச் சத்யானந்தர் எழுதிய ‘யோக நித்திரை’ நூலும் வெளியானது.

யோகா வகுப்பு முடியும் நேரத்தில் பாயில் மல்லாந்து படுத்திருக்க, ‘வலது கைக் கட்டைவிரல்… ஆள்காட்டி விரல்…’ என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே போகும் அந்தக் கடைசிப் பத்து நிமிடம் இப்படித்தான் பிறந்தது. தூக்கம் பிடிக்காத நள்ளிரவில் கைப்பேசியில் ஓடும் குரலுக்கும் இதுதான் பூர்வீகம். வகுப்பில் பலர் அதை உண்மையான பயிற்சி முடிந்தபின் வரும் இளைப்பாறல் என்று எண்ணிப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஓயாமல் யோசித்துக் களைத்த மனதுக்கு வகுப்பின் பெரும் பரிசே அதுதான். எதையும் நினைக்காதே என்று கட்டளையிட்டால் எந்த மனமும் கேட்பதில்லை. கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று கேட்டால் போய்ப் பார்க்கிறது, பார்க்கும் நேரத்துக்குக் கவலையை விட்டுவிடுகிறது. அடுத்து ஒரு விரல், அடுத்து மணிக்கட்டு. நீண்டகாலப் பதற்றத்துக்கு இது மருத்துவரின் இடத்தைப் பிடிக்காது. ஆனால் அமைதி என்பது சிலருக்கு மட்டும் வாய்க்கும் குணம் என்ற எண்ணத்தை இந்த நூறாண்டு உழைப்பு உடைத்துவிட்டது. சைக்கிள் ஓட்டுவதைப் போல, விழுந்து எழுந்து எவரும் பழகிக்கொள்ளக்கூடிய கைப்பழக்கம் அது.